பொற்கோவிலுக்கு ஓர் இரவும் ஒரு விடியலும்: அமிர்தசரஸ் யாத்திரைக்கான வழிகாட்டி

பல பயணத் திட்டங்களில் அமிர்தசரஸுக்கு ஒரே ஒரு பகல்தான் ஒதுக்கியிருப்பார்கள். காலையில் பொற்கோவில், பிறகு ஜாலியன்வாலா பாக், மாலையில் வாகா எல்லை, இரவு ரயில். இப்படிப் போனால் உச்சி வெயிலில் வரிசையில் நின்ற களைப்புதான் மிஞ்சும். ஹர்மந்திர் சாஹிப் என்பது பொற்கோவிலின் பெயர். அதன் நாள் விடியலுக்கு வெகு முன்பே தொடங்கி, சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாஹிபைச் சுமந்த பல்லக்கு இரவு வளாகத்திலேயே உள்ள அகால் தக்த் என்னும் சீக்கியத் தலைமைப் பீடத்துக்குத் திரும்பும்போது முடிகிறது. இந்த இரண்டு வேளையும் கிடைக்கும்படி திட்டமிடுங்கள். ஒரு நாள் பிற்பகலில் ஊர் சேர்ந்து, அன்றிரவும் மறுநாள் விடியலும் கோவிலில் இருக்க வேண்டும். வாகாவுக்கு மறுநாள் மாலை போய்க்கொள்ளலாம்.

போகும் வழி

டெல்லியிலிருந்து அமிர்தசரஸ் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். சதாப்தி ரயிலில் ஆறு மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் காலையில் டெல்லியில் இறங்கி, அன்று காலை சதாப்தியையே பிடித்துவிடலாம் என்று டிக்கெட் எடுக்காதீர்கள். இடைவெளி மிகக் குறைவு, முதல் ரயில் கொஞ்சம் தாமதமானாலும் இரண்டாவது டிக்கெட் வீண். மாலை சதாப்திதான் பத்திரம். அதில் இரவுதான் ஊர் சேர முடியும் என்பதால், கோவிலுக்கான இரவையும் விடியலையும் ஒரு நாள் தள்ளி வையுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பஞ்சாபில் மூடுபனி இறங்கும். ரயிலும் விமானமும் பல மணி நேரம் தாமதமாவது அப்போது சாதாரணம். ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பிப்ரவரி, மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்கள் நம் ஊர்க்காரர்களுக்குத் தோதானவை.

ஞாயிற்றுக்கிழமை, மாதப் பிறப்பு, அமாவாசை, குருமார்களின் பிறந்தநாள் விழாக்கள், ஏப்ரல் நடுவில் வரும் வைசாகி, தீபாவளி ஆகிய நாட்களில் கூட்டம் பல மடங்கு. தீபாவளியை சீக்கியர்கள், குரு ஹர்கோபிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து விடுதலையானதன் நினைவாக, பந்தி சோர் திவஸ் என்று கொண்டாடுகிறார்கள். அன்றைய விளக்கலங்காரம் காணக் கிடைக்காதது. ஆனால் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் அன்று அழைத்துப் போக வேண்டாம். ஜூன் முதல் வாரம், 1984-ல் பொற்கோவிலில் நடந்த ராணுவ நடவடிக்கையின் நினைவு நாட்கள். அப்போது நகரில் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம் என்பதால் சுற்றுலாவாகப் போவதற்கு அது ஏற்ற சமயமல்ல.

தங்குவதற்குக் கோவிலைச் சுற்றி ஷிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி நடத்தும் யாத்ரி நிவாஸ்கள் உள்ளன. குரு ராம்தாஸ், குரு அர்ஜன் தேவ், மாதா கங்கா, சாராகர்ஹி என்ற பெயர்களில் அவை இருக்கும். அறைகள் எளிமையானவை, வாடகை குறைவு, ஆதார் போன்ற அடையாள அட்டை கட்டாயம், நீண்ட நாள் தங்க முடியாது. இந்த நிவாஸ்களின் பெயரில் போலி இணையதளங்கள் நடத்திப் பணம் பறிக்கும் மோசடி உண்டு. முன்பின் தெரியாத எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அறை கிடைக்காவிட்டாலும் கோவிலிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே லாட்ஜ் பிடியுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்டோ தேடும் தொல்லை இருக்காது.

வாசலில்

செருப்பைக் கழற்றிவிட்டால் மட்டும் போதாது, காலுறையும் கழற்ற வேண்டும். செருப்பு வைக்கும் இடத்துக்கு ஜோடா கர் என்று பெயர். கட்டணம் கிடையாது. டோக்கன் தருவார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள். உங்கள் செருப்பைக் கையில் வாங்கி வைக்கிறவர் கூலிக்கு நிற்கும் ஆள் அல்ல. அது சேவை. கடை வைத்திருப்பவரும் அதிகாரியாக இருப்பவரும் விரும்பி வந்து செய்கிற வேலை அது. ஆகவே டிப்ஸ் நீட்டாதீர்கள், கைகூப்பினால் போதும். பெரிய பைகளை கட்ரி கர் என்னும் பொருள் காப்பிடத்தில் விடலாம்.

தலையை மூடாமல் யாரும் உள்ளே போக முடியாது. ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் இதே விதி. தொப்பி ஏற்கப்படாது. பெண்களுக்குத் துப்பட்டாவோ சேலைத் தலைப்போ போதும். ஆண்கள் பெரிய கைக்குட்டை ஒன்றை எடுத்துப் போங்கள். வெளியே தெருவில் 'இது இல்லாமல் விடமாட்டார்கள்' என்று சொல்லித் துணி விற்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். வாசலிலேயே கூடையில் இலவசமாகத் துணி வைத்திருக்கிறார்கள், திரும்பும்போது போட்டுவிட்டு வரலாம். நெற்றியை மூடிக் கழுத்துக்குப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். குனிந்து வணங்கும்போது துணி நழுவி விழுவதுதான் புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது. பீடி, சிகரெட், புகையிலை, பான் எதுவும் சட்டைப் பையில்கூட இருக்கக் கூடாது. புகையிலை சீக்கிய மரபில் கடுமையாக விலக்கப்பட்டது.

வாசலில் ஆழமில்லாத ஓடையில் தண்ணீர் ஓடும். அதில் கால் நனைத்து உள்ளே போனால் படிகள் கீழே இறங்கும். நம் கோவில்களில் சந்நிதியை நோக்கி ஏறிப் பழகியவர்களுக்கு இது புதிது. நான்கு வாசல்கள், நான்கு திசையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற பொருளில். ஈரக்காலோடு பளிங்கில் நடப்பதால் வழுக்கும். வயதானவர்களைக் கைப்பிடித்து இறக்குங்கள். குளிர்காலத்தில் பளிங்கு பாதத்தைச் சில்லிட வைக்கும், கோடையில் சுடும். விரிப்பு போட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்.

பரிக்ரமாவும் குளியலும்

மணிக்கூண்டு வாசல் வழியாக நுழைந்தால் குளம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள். குளத்தைச் சுற்றிய இந்த நடைபாதைதான் பரிக்ரமா. நம் பிரகாரம் போலவே வலம்தான். 1577-ல் குரு ராம்தாஸ் காலத்தில் இந்தக் குளம் வெட்டும் வேலை தொடங்கியது. ஊருக்கு அமிர்தசரஸ் என்ற பெயரே குளத்தால் வந்ததுதான். கிழக்குப் பக்கம் துக் பஞ்சனி பேரி என்ற இலந்தை மரம் வரும். பீபி ரஜ்னியின் தொழுநோய்க் கணவர் இங்கே முழுகிக் குணமானார் என்பது நம்பிக்கை. நீராட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இறங்குவார்கள்.

குளம் ஏறத்தாழ 17 அடி ஆழம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் படியில் நின்று முழுக வேண்டும். நீந்தக் கூடாது, சோப்பு கூடாது, துணி துவைக்கக் கூடாது. ஆண்கள் உள்ளாடையோடு, தலையில் துணி கட்டியபடி இறங்கலாம். பெண்களுக்கு மறைப்புக் கட்டிய தனி இடம் உண்டு. துண்டும் மாற்றுத்துணியும் சிறு பையில் கொண்டு போங்கள், ஈர உடையோடு பரிக்ரமாவில் நடப்பது அழகல்ல. நீராடாதவர்கள் குளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவும் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இந்த ஒன்றில்தான் மிக அதிகமாகத் தவறுகிறார்கள். காவலுக்கு நிற்கும் சேவாதார் என்னும் கோவில் தொண்டர் ஈட்டியோடு வந்து மடக்கி உட்காரச் சொல்வார். பரிக்ரமாவில் படம் எடுக்கலாம். நடனம், ரீல்ஸ் எதுவும் வேண்டாம்.

கடா பிரசாதமும் தரிசன வரிசையும்

கோவிலுக்குள் போகும் பாலத்தின் முகப்பு வாசல் தர்ஷனி டியோடி. அதற்குச் சற்று முன்னால் கடா பிரசாதம் வாங்கும் கவுன்ட்டர் இருக்கும். பணம் கட்டி, இலைத்தொன்னையில் வாங்கிக்கொண்டு போனால், சேவாதார் அதில் ஒரு பகுதியைப் பொதுப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். அவர் எடுத்ததுதான் எல்லோருக்கும் பகிர்ந்து போகிறது. வாங்காவிட்டால் குறையில்லை, தரிசனம் முடிந்து வெளியே வரும்போது எல்லோருக்கும் பிரசாதம் உண்டு. கோதுமை மாவு, நெய், சர்க்கரை சம அளவில் கிளறியது. நெய் கையில் வழியும். இரண்டு கைகளையும் குவித்து வாங்குங்கள். சர்க்கரை நோயாளிகள் 'தோடா' என்றால் கொஞ்சமாகத் தருவார்கள். மறுப்பதும் கீழே சிந்துவதும் மனத்தைப் புண்படுத்தும்.

இங்கே சிறப்புத் தரிசன டிக்கெட் கிடையாது, அர்ச்சனை கிடையாது, பெயர் நட்சத்திரம் சொல்ல வேண்டியதில்லை. பூஜைத் தட்டோ தேங்காயோ கொண்டு போகாதீர்கள். உள்ளே மூலவர் விக்கிரகம் இல்லை. பட்டு விரித்த மேடையில் குரு கிரந்த சாஹிப் வைக்கப்பட்டிருக்கும், பக்கத்தில் ராகிகள் கீர்த்தனை பாடிக்கொண்டிருப்பார்கள். 1430 பக்கங்கள் கொண்ட அந்த நூலில் சீக்கிய குருமார்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாஸ், ஷேக் ஃபரீத் பாடல்களும் உள்ளன. பாடல்கள் ராகவாரியாகத் தொகுக்கப்பட்டிருப்பதால், நம் சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு மொழி தெரியாமலேயே மனம் ஒன்றும்.

பாலம் 202 அடி நீளம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கடக்க இரண்டு மணி நேரம்கூட ஆகும். வார நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேல் நெரிசல் குறையும். உள்ளே போனதும் தரையில் நெற்றி படும்படி வணங்குவது மரபு. முடியாதவர்கள் கைகூப்பிக் குனிந்தால் போதும். கிரந்தத்துக்கு நேரே முதுகைக் காட்டாமல் ஓரமாக நகருங்கள். படம் எடுக்கவே கூடாது. பின்பக்கம் ஹர் கி பவுடி என்ற படித்துறையில் தீர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். மாடிக்கும் ஏறலாம். பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். ஓரமாக இடம் கிடைத்தால் உட்கார்ந்து ஒரு பாடல் முழுவதும் கேளுங்கள்.

பல்லக்கு

இரவு கிரந்த சாஹிபை அகால் தக்துக்கு எடுத்துச் செல்வது சுகாசன். அதிகாலையில் மீண்டும் கொண்டுவந்து திறந்து வைப்பது பிரகாஷ். நேரம் பருவத்துக்கேற்ப மாறும். கோடையில் அதிகாலை நான்கு மணிவாக்கிலும் குளிர்காலத்தில் ஐந்து மணிவாக்கிலும் பல்லக்கு வரும். இரவில் ஒன்பதரையிலிருந்து பதினொரு மணிக்குள் புறப்படும். அன்றைய நேரத்தைக் கோவில் தகவல் மையத்தில் கேட்டுக்கொண்டு, அரை மணி நேரம் முன்னதாக அகால் தக்துக்கும் டியோடிக்கும் நடுவே நில்லுங்கள். பல்லக்குக்குத் தோள் கொடுக்க ஆண்களின் வரிசை நிற்கும். கூட்டம் நெருக்கும், குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள். பிரகாஷ் முடிந்ததும் கிரந்தத்தைத் திறந்து வாசிக்கும் பாடல் அன்றைய ஹுக்கம்நாமா, அதாவது அந்த நாளுக்கான கட்டளை. அதை எழுதியும் வைப்பார்கள்.

லங்கர்

லங்கர் என்பது எல்லோருக்கும் இலவசமாக உணவு தரும் பொதுச் சமையற்கூடம். இங்குள்ள குரு ராம்தாஸ் லங்கர் இரவும் பகலும் நடக்கிறது. வாசலில் தட்டு, கிண்ணம், கரண்டி தருவார்கள். கூடத்தில் தரைவிரிப்பில் வரிசையாக உட்காருங்கள். வரிசையை நீங்களாக உடைத்துக் குடும்பமாக வட்டம் போட்டு உட்காராதீர்கள். ரொட்டிக்கு அங்கே பிரஷாதா என்று பெயர். பரிமாறுகிறவர் அப்படிச் சொல்லி வரும்போது இரண்டு கைகளையும் ஏந்தி வாங்க வேண்டும், தட்டில் போடமாட்டார். பருப்பு, காய்கறி, பெரும்பாலும் கீர் என்னும் பால்பாயசம். முழுக்க சைவம், ஆனால் வெங்காயம், பூண்டு இருக்கலாம். கேட்கக் கேட்கத் தருவார்கள், மீதி வைக்கக் கூடாது. ஆகவே முதலில் கொஞ்சமாக வாங்கி, பிறகு கேளுங்கள். சோறு எப்போதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது சேவை செய்துவிட்டு வாருங்கள். இதை விட்டுவிட்டால் லங்கரைப் பாதிதான் பார்த்ததாக ஆகும். பூண்டு உரிப்பது, பட்டாணி உரிப்பது, ரொட்டி தேய்ப்பது, தட்டுக் கழுவுவது என எதிலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் உட்காரலாம். மொழி தேவையில்லை, பக்கத்திலிருப்பவர் கை போகும் விதத்தைப் பார்த்தால் போதும். தட்டுக் கழுவும் இடத்தில் தரை வழுக்கும், சேலையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

துர்கியானாவும் பிறவும்

ரயில் நிலையத்துக்கு அருகே, லோஹ்கர் வாசலை ஒட்டி துர்கியானா கோவில் இருக்கிறது. குளத்தின் நடுவே லட்சுமி நாராயணர் சந்நிதி, வெள்ளித் தகடு வேய்ந்த கதவுகள், பக்கத்தில் சீதளா தேவி கோவில். பார்த்ததும் பொற்கோவிலின் சாயல் தெரியும். இப்போதைய கட்டடம் 1920-களில் எழுந்தது. இதையொட்டிய அனுமார் கோவிலில் புரட்டாசி நவராத்திரியில் வேண்டுதலுக்காகச் சிறுவர்களைக் குரங்கு வேடமிட்டு அழைத்து வருவார்கள். அந்தப் பத்து நாட்களில் அமிர்தசரஸில் இருந்தால் தவறவிடாதீர்கள். மற்ற நாட்களில் ஒரு மணி நேரம் போதும்.

ராமாயணத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு மேற்கே 11 கிலோமீட்டரில் வால்மீகி தீர்த்தம். லவகுசர்கள் பிறந்த ஆசிரமம் இங்கே இருந்ததாக நம்பிக்கை.

இன்னொரு நாள் இருந்தால் தர்ன் தாரனுக்கும் கோயிந்த்வால் சாஹிபுக்கும் டாக்ஸி வைத்துப் போய் வரலாம். இரண்டும் தென்கிழக்குப் பக்கம், ஒரே பயணத்தில் அடங்கும். தர்ன் தாரன் குருத்வாராவின் குளம் அமிர்தசரஸ் குளத்தைவிடப் பெரியது. கோயிந்த்வாலில் குரு அமர்தாஸ் அமைத்த படிக்கிணற்றில் 84 படிகள். ஒவ்வொரு படியிலும் ஜப்ஜி சாஹிப் என்னும் துதியை ஓதி, ஒவ்வொரு முறையும் நீராடி 84 தடவை ஏறி இறங்கும் பக்தர்களைப் பார்க்கலாம். அதற்கு ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நீங்கள் ஒரு முறை இறங்கி ஏறுவதென்றாலும், படிகள் எப்போதும் ஈரமாக இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்று வணங்கிவிடுவது நல்லது. கிளம்புவதற்கு முன் அங்கேயே லங்கரில் சாப்பிட்டுவிட்டால், மாலைக்குள் அமிர்தசரஸ் திரும்பி ரயிலைப் பிடித்துவிடலாம்.