மீட்கும் வழியில் காத்திருக்க வேண்டாம்: கோப்பு முறைமை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் ஒரு சிறிய கணினிக் கூடத்தில் மூன்று மாணவர்கள் தாங்களே எழுதிய கோப்பு முறைமையை (வன்தட்டில் கோப்புகளை ஒழுங்காக வைக்கும் நிரலை) லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலில் ஏற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 16 ஜிபி ரேம் உள்ள மடிகணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கூடத்தில் இருந்த 2 ஜிபி பழைய கணினியில் ஆயிரக்கணக்கான படங்களைப் படியெடுத்தபோது திரை அப்படியே உறைந்துவிட்டது. மவுஸ் அசையவில்லை. வன்தட்டில் பழுது என்று முதலில் நினைத்தோம். பிழை நினைவக மீட்பில் இருந்தது.

கேர்னல் காலி ரேமைச் சும்மா விடாது. படித்த கோப்புகளின் பக்கங்கள், ஐநோட்கள் (ஒவ்வொரு கோப்பின் விவரக் குறிப்புகள்), டென்ட்ரிகள் (கோப்புப் பெயர்களை ஐநோட்களோடு இணைப்பவை) என்று நிரப்பி வைக்கும். இடம் தேவைப்பட்டால் திரும்ப எடுக்கும். இதுதான் மீட்பு. எப்போது எடுப்பது என்பதற்கு மூன்று மட்டங்கள் உண்டு. அவற்றின் பெயரே வாட்டர்மார்க். இரணைமடுக் குளக்கட்டில் நின்று மட்டக்கோலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். காலி ரேமை, குளத்தில் இன்னும் நிரம்பாமல் இருக்கும் இடமாக எண்ணிக்கொள்ளுங்கள். அது 'லோ' மட்டத்துக்குக் கீழே போனால் கேஸ்வாப்டி என்ற பின்னணி நிரல் எழும்பி, 'ஹை' மட்டம் வரும்வரை இடம் விடுவிக்கும். மழை இறுகுமுன் வான்கதவைத் திறப்பது போல. 'மின்' (மிகக் குறைந்த) மட்டத்துக்கும் கீழே போய்விட்டால் நினைவகம் கேட்ட நிரலே நின்று, தானே மீட்டெடுக்க வேண்டும். இது நேரடி மீட்பு. அந்த நேரத்தில், இடம் விடுவிக்கும் உங்கள் குறிமுறையை யார், எந்த லொக்கைப் (ஒரே தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட வைக்கும் பூட்டை) பிடித்துக்கொண்டு அழைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. கீழே வரும் தவறுகளில் அதிகமானவை இதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு, எங்கள் மாணவர்கள் செய்தது: ஷ்ரிங்கருக்குள் (இடம் விடுவிக்கக் கேர்னல் அழைக்கும் உங்கள் குறிமுறைக்குள்) வன்தட்டுக்காகக் காத்திருப்பது. ஐநோட் ஒன்றை விடுவிக்கப் போகிறோம், அதில் இன்னும் எழுதப்படாத மாற்றம் இருக்கிறது, சரி, எழுதிவிட்டு விடுவோம் என்று தோன்றும். ஆனால் எழுதுவதற்கும் நினைவகம் வேண்டும். இல்லாததைத் தேடித்தானே இங்கே வந்தோம்! அப்படி முடங்காவிட்டாலும், நினைவகம் கேட்ட ஒவ்வொரு நிரலும் வன்தட்டின் வேகத்துக்கு இறங்கிவிடும். அனுபவசாலிகளின் குறிமுறையிலும் இது இருந்தது. எக்ஸ்எப்எஸ் கோப்பு முறைமை பல வருடங்களாக ஐநோட் மீட்பின்போது வன்தட்டுக்காகக் காத்திருந்தது. அந்த முறைமையை எழுதுபவர்களில் ஒருவரான டேவ் சின்னர் அதைப் பிரித்தெடுத்து மாற்றினார். 2020இல் வந்த கேர்னல் 5.9 பதிப்பில் அது சேர்ந்தது. இப்போது எழுதும் வேலை பின்னணியில் நடக்கும். மீட்பு, ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் ஐநோட்களை மட்டும் எடுக்கும், மற்றதைத் தாண்டிப் போகும். நீங்களும் அப்படியே பிரியுங்கள். ஷ்ரிங்கருக்குள் லொக் தேவைப்பட்டால் டிரைலொக் போடுங்கள். கிடைக்கவில்லையா, அடுத்ததுக்குப் போங்கள்.

இரண்டாவது தவறுக்கு இரண்டு முகம். டிரான்சாக்‌ஷன் (சேர்ந்தே நடந்து முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுதி) திறந்திருக்கும்போது, எல்லா மீட்பையும் அனுமதிக்கும் ஜிஎப்பி_கேர்னல் கொடியோடு நினைவகம் கேட்டால், மீட்பு உங்கள் கோப்பு முறைமைக்குள்ளேயே திரும்ப நுழையலாம். நீங்கள் பிடித்திருக்கும் லொக்கையே அது கேட்கும். அத்தோடு டெட்லொக்: ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நகராது. இதற்குப் பயந்து பலர், மீட்பு கோப்பு முறைமைக்குள் நுழைவதைத் தடுக்கும் ஜிஎப்பி_நோஎப்எஸ் கொடியை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். இது பாதுகாப்புப் போலத் தெரிந்தாலும் எனக்கு இதுதான் கூடுதல் கவலை. அந்தக் கொடியோடு வரும் நேரடி மீட்பைக் கண்டால் ஐநோட், டென்ட்ரி ஷ்ரிங்கர் எதையும் தொடாமல் திரும்பிவிடும். கோப்பு வேலை மும்முரமாக நடக்கும் கணினியில் மீட்கக்கூடிய இடத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும். 2017இல் வந்த 4.12 பதிப்பிலிருந்து நல்ல வழி ஒன்று உண்டு. டிரான்சாக்‌ஷன் தொடங்கும் இடத்தில் மெம்அலொக்_நோஎப்எஸ்_சேவ், முடியும் இடத்தில் மெம்அலொக்_நோஎப்எஸ்_ரிஸ்டோர் என்று அழையுங்கள். இடையில் யார் நினைவகம் கேட்டாலும் தடை தானாகப் பொருந்தும். ஏன் தடை என்ற ஒரு வரிக் குறிப்பையும் அங்கேயே எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் காரணம் தெரியாமல் அதை நீக்கவும் மாட்டார், வேறு இடங்களுக்குப் பரப்பவும் மாட்டார்.

எண்ணிக்கையில் வரும் பிழைகள் சிறியவை, ஆனால் கண்ணில் படாது. 2013இல் 3.12 பதிப்பு ஷ்ரிங்கரை இரண்டாகப் பிரித்தது: ஒன்று எண்ணும், மற்றது விடுவிக்கும். எண்ணும் பகுதியில் லொக் பிடித்துப் பட்டியல் முழுவதையும் நடந்து எண்ணாதீர்கள். அது அடிக்கடி அழைக்கப்படும், அண்ணளவான தொகை போதும். விடுவிக்கும் பகுதி இப்போது எதுவும் செய்ய முடியாத நிலையில் இருந்தால் ஷ்ரிங்க்_ஸ்டொப் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பூச்சியம் திருப்பினால், அடுத்த முறை கிடைக்கும் என்று கேர்னல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதோடு, ஆயிரம் பொருட்களை விடுவித்தேன் என்றால் ஆயிரம் பொருட்களின் இடம் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 64 பிட் கணினியில் ஒரு டென்ட்ரி வழக்கமாக 192 பைட். 4096 பைட் பக்கம் ஒன்றில் 21 அடங்கும். இருபதை விடுவித்து ஒன்று பாவனையில் இருந்தால் அந்தப் பக்கம் திரும்பாது.

கணினியைப் பாவிப்பவர்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. 'ஃபிரீ' கட்டளையில் காலி இடம் குறைந்திருப்பதைக் கண்டதும் தற்காலிகச் சேமிப்பைக் கலைக்கச் சொல்லும் ட்ரொப்_கேஷஸ் என்ற கேர்னல் கோப்பில் 3 எழுதிவிடுவார்கள். அது எழுதப்படாத பக்கங்களைத் தொடாது. சூடாக இருந்த தற்காலிகச் சேமிப்பை மட்டும் கலைக்கும். பிறகு வன்தட்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற நெடுவரிசை.

சோதிப்பதற்கு எங்கள் கூடத்துப் பழைய கணினி மாதிரி நல்ல கருவி கிடைக்காது. புதிய கணினிதான் கையில் இருந்தால், தொடங்கும்போது கேர்னலுக்கு மெம்=1ஜி என்று கொடுத்து ரேமைக் குறையுங்கள். லொக்டெப் என்ற, கேர்னலின் லொக் சோதனைக் கருவியை இயக்கி வையுங்கள். உண்மையில் உறைவதற்கு முன்பே, மீட்புக்கும் லொக்குக்கும் இடையிலான முரணை அது சொல்லிவிடும். பிறகு சிறிய கோப்புகளைக் குவியலாகப் படியெடுத்துக்கொண்டே, 4.20 பதிப்பிலிருந்து இருக்கும் ப்ரொக்/பிரஷர்/மெமரி கோப்பைப் பாருங்கள். அதில் 'ஃபுல்' வரி ஏறுகிறது என்றால், எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் நினைவகத்துக்காக நின்ற நேரம் கூடுகிறது. எங்கள் மாணவர்கள் எழுதும் வேலையைப் பின்னணிக்கு மாற்றி, அதே 2 ஜிபி கணினியில் அதே படங்களைத் திரும்பப் படியெடுத்தார்கள். இந்த முறை படியெடுப்பு முடியும்வரை மவுஸ் அசைந்துகொண்டே இருந்தது.