சினை மாட்டுக்குத் தீனி: கன்றின் பலம் கருவிலேயே

பெங்களூரை அடுத்த ஆனேக்கல், ஹொசகோட்டே பக்கம் கேழ்வரகுத் தாளை மட்டும் போட்டுச் சினைமாட்டை வைத்திருக்காதீர்கள்; தாளில் புரதம் குறைவு. கன்றின் தசை இழைகளின் எண்ணிக்கை கருவிலேயே முடிவாகிவிடும். பிறந்தபின் எவ்வளவு ஊட்டினாலும் இழை தடிக்குமே தவிர, எண்ணிக்கை கூடாது.

சினைக்காலம் சுமார் 280 நாள். கன்றின் எடையில் பாதிக்குமேல் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறும். 220ஆம் நாளில் கறவையை நிறுத்துங்கள். பசுந்தீவனத்தோடு அடர்தீவனத்தை (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) மெல்ல மெல்ல தினம் 2 கிலோ வரை கூட்டுங்கள். ஆனால் கொழுத்த மாடு ஈனத் திணறும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்தித் தெரியக்கூடாது.

ஏப்ரல், மே வெயிலில் நிழலும் தண்ணீரும் கட்டாயம். சூட்டில் தவித்த தாயின் கன்று எடை குறைந்து பிறக்கும், சீம்பாலின் நோய் எதிர்ப்புச் சத்தையும் சரியாக ஈர்க்காது. 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால், அதில் பாதி 2 மணி நேரத்துக்குள்.