ரெண்டு ஜெம் கிளிப், ஒரு சைக்கிள் பம்பு

கோர்ட்டுக்கு எதிரே டிடிபி கடை வைத்திருக்கிறேன். மனு அடிக்க வருகிறவர்கள் பாதிப் பேர் கையில் வடையோடுதான் வருவார்கள். "தம்பி, அப்பா பேருல ஒரு எழுத்து தப்பா இருக்கு பாருங்க" என்று குனிந்தால் போதும், தூள் கீபோர்டுக்குள். நான் அடிப்பது தமிழ்99 என்ற கீபோர்டு முறையில். புள்ளி எஃப் கீயில், 'க' எச் கீயில். புள்ளி இல்லாமல் மனு ஏது? அதனால் எஃப் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். அதைச் சுற்றி கறுப்பு அழுக்கு வளையம்.

இப்படி அழுக்கான கீபோர்டைச் சுத்தம் செய்ய, முதலில் யுஎஸ்பி வயரைப் பிடுங்குங்கள். கவிழ்த்துத் தட்டியபின் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பை எடுங்கள். கீபோர்டைச் சாய்த்துப் பிடித்து ஓரத்திலிருந்து அடித்தால் முடி, தூள் எல்லாம் வெளியே வரும். வாயால் ஊதினால் எச்சில்தான் உள்ளே போகும். பஞ்சர் கடை கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம். அதன் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும், கீயும் பறக்கும். மிச்சத் தூசிக்கு ஸ்டிக்கி நோட்டின் பசை ஓரத்தை சந்துக்குள் விட்டு இழுங்கள்.

பிசுக்கு போக வேண்டுமென்றால் கீயைக் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றுமுன் போனில் ஒரு போட்டோ. ரெண்டு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து, கீயின் எதிரெதிர் ஓரங்களில் மாட்டி நேராக மேலே தூக்கினால் 'டக்'கென்று வரும். கோணலாக இழுத்தால் அடிக்கால் உடையும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிப்டுக்கு அடியில் பெரும்பாலும் ஒரு கம்பி இருக்கும். மறுபடி மாட்டுவது பெரும்பாடு. நான் அவற்றைத் தொடுவதில்லை, பழைய டூத்பிரஷால் சுற்றித் தேய்ப்பதோடு சரி.

கழற்றியதைப் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, வடிகட்டியில் போட்டு அலசுங்கள். வடிகட்டி இல்லாமல் அலசி, ஒரு எஃப்பைச் சாக்கடைக்குக் கொடுத்தவன் நான். துண்டில் பரப்பி ராத்திரி முழுக்கக் காயட்டும். உட்குழிக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தால் பிளாஸ்டிக்கே இளகும். ஜெல் சானிடைசர் பிசுபிசுப்பை விட்டுவிட்டுப் போகும்.

டீயே கொட்டிவிட்டால்? வயரைப் பிடுங்கி உடனே கவிழ்த்துவிடுங்கள். சாதாரண மெம்பிரேன் கீபோர்டு என்றால் பின்பக்க ஸ்குரூவைக் கழற்றுங்கள் (ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கலாம்). உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். ஈரத்துணியால் சர்க்கரைப் பிசுக்கைத் துடைத்து, ஃபேனுக்கு அடியில் ரெண்டு நாள் போடுங்கள். மூலையிலுள்ள சின்ன சர்க்யூட்டில் மட்டும் தண்ணீர் படக்கூடாது.

யாரோ சொன்னார்களென்று ஒருமுறை அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தேன். சர்க்கரை அப்படியே இருந்தது. கூடவே ஸ்பேஸ் பாருக்கு அடியில் ஒரு பொன்னி அரிசி. இப்போதும் அழுத்தினால் 'நறுக்'கென்கிறது.