நிறுவியின் கண்ணில் படாத எஸ்எஸ்டி: என் அனுபவம்

விண்டோஸ் இயங்கிவந்த என் மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவ முற்பட்டபோது, வட்டைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் நான் செருகியிருந்த பென் டிரைவ் மட்டுமே தெரிந்தது. மடிக்கணினியின் உள் சேமிப்பகமான 512 ஜிபி எஸ்எஸ்டியைக் காணவில்லை. அதே எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸ் தடையின்றித் தொடங்கியதால், அது பழுதாகியிருக்கும் என்று நான் கருதவில்லை.

கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தில், வட்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' (lsblk) கட்டளையை இட்டேன், அங்கும் இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவுகளைக் காட்டும் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளைதான் வழிகாட்டியது. இடம்மாற்றிக் காட்டப்படும் என்விஎம்இ சாதனம் (என் எஸ்எஸ்டியின் வகை) ஒன்று இருப்பதாகவும், அதைப் பயன்படுத்த கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட பயாஸில், சேமிப்பகத்தைக் கையாளும் ரெய்டு முறையிலிருந்து ஏஹெச்சிஐ முறைக்கு மாறவேண்டும் என்றும் ஒரு வரி அதில் இருந்தது. ரெய்டு முறையில் எஸ்எஸ்டி தனிச் சாதனமாகத் தோன்றாமல் வட்டுகளை இணைக்கும் சாட்டா கட்டுப்படுத்திக்குப் பின்னால் மறைக்கப்படுவதால், லினக்ஸின் என்விஎம்இ இயக்கிக்கு (அச்சாதனத்தை இயக்கும் மென்பொருளுக்கு) அது எட்டுவதில்லை.

ஆனால் பயாஸில் அவசரப்பட்டு மாற்றிவிடலாகாது. புதிய முறைக்கான இயக்கியை ஏற்றாமல் விண்டோஸ் நீலத்திரையுடன் நின்றுவிடக்கூடும். ஆகவே முக்கியக் கோப்புகளைப் படியெடுத்து, வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, விண்டோஸ் அடிப்படை இயக்கிகளுடன் மட்டும் இயங்கும் சேஃப் மோடில் தொடங்குமாறு 'எம்எஸ்கான்ஃபிக்' என்ற அமைப்புக் கருவி வழியாக அமைத்தேன். மறுதொடக்கத்தின்போது பயாஸுக்குள் நுழைந்து ஏஹெச்சிஐயைத் தேர்ந்தெடுத்தேன். பிட்லாக்கர் சாவியைக் கேட்கத்தான் செய்தது. அதை எழுதிவைத்திராவிட்டால் வட்டைத் திறக்க முடியாமல் சிக்கியிருப்பேன். விண்டோஸ் உரிய இயக்கியை ஏற்றிக்கொண்டு எழுந்ததும் சேஃப் மோடை நீக்கினேன். பிறகு பென் டிரைவிலிருந்து உபுண்டுவைத் தொடங்கியபோது, எஸ்எஸ்டி அதன் எல்லாப் பகிர்வுகளுடனும் பட்டியலில் தெரிந்தது.