மான் ஈன முடியாமல் தவிக்கும்போது செய்யக் கூடாதவை

மான் வலியைக் காட்டிக்கொள்ளாத விலங்கு. குளம்பு வெளியே தெரிந்த பிறகும் அடைப்பில் கூட்டத்தோடு நடந்துகொண்டிருக்கும். “நடக்கிறதே, தானாக ஈன்றுவிடும்” என்று விட்டுவிடுவதே முதல் தவறு. குளம்பு தெரிந்து 2 மணி நேரமாகியும் குட்டி வராவிட்டால் மருத்துவர் அங்கே இருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வந்தாலோ, வால் முதலில் தெரிந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

அடுத்த தவறு இதைவிடக் கொடியது: நான்கு பேர் வலையோடு துரத்துவது. பயந்து ஓடும் மானின் தசை நார்கள் சிதைகின்றன. அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தைப் பாழாக்குகிறது. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்த பிறகும் சில நாட்களில் தாய் இறந்துபோவதற்கு இது ஒரு காரணம். தையல்மீது பழி போடுகிறோம், கொன்றது துரத்தல். மறைவிலிருந்து மயக்க ஊசி செலுத்துங்கள், கண்ணைக் கட்டுங்கள், பேச்சைக் குறையுங்கள்.

மிரண்ட மானுக்கு மருந்து சரியாகப் பிடிக்காது. அதற்காக சைலசின் என்ற மயக்க மருந்தை மேலும் மேலும் ஏற்றாதீர்கள். அது கருப்பையை இறுக்கி, குட்டிக்குச் செல்லும் ஆக்சிஜனைக் குறைக்கும். மயக்கத்தை முறிக்கும் மாற்று மருந்தான யோஹிம்பின் அல்லது அடிபமசோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மயங்கிய மானை ஒருக்களித்து நெடுநேரம் கிடத்தினால் வயிறு உப்பும், எதுக்களித்த இரை நுரையீரலுக்குள் போகும். முடிந்தவரை நெஞ்சு தரையில் படும்படி வைத்து, கழுத்தை உயர்த்தி மூக்கைத் தாழ்த்திப் பிடியுங்கள். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

தலை பின்னே மடங்கியிருக்கும் குட்டியைக் கயிறு கட்டி இழுப்பதும், வழி அடைபட்டிருக்கும்போது கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் போடுவதும் கருப்பையைக் கிழித்துவிடும். மானின் இடுப்பெலும்பு வழி குறுகியது. சிறிய கைகூடச் சிரமப்பட்டுத்தான் நுழையும். சிறிது நேரம் முயன்றும் நிலை திருந்தவில்லை என்றால் அறுவைக்குப் போவதே நல்லது என்பேன்.

அறுவையில் இடது விலாப்புறம் வசதியானது; அங்கே அசையிரைப்பை குடலைத் தடுத்து நிறுத்தும். கருப்பையை வெளியே எடுத்து, சுற்றிலும் துணி வைக்காமல் வெட்டாதீர்கள். குட்டி உள்ளேயே இறந்திருந்தால், வயிற்றுக்குள் சிந்தும் நீர் சீழாகும். நஞ்சுக்கொடி எளிதில் கழன்று வராவிட்டால் பிய்க்காமல் விடுங்கள். தையலில் மட்டும் அது சிக்கக் கூடாது. தோலுக்கும் தானே கரையும் நூலே வேண்டும். தையல் பிரிப்பதற்காக இன்னொரு முறை அந்த மானைப் பிடிக்கலாமா?

மாற்று மருந்து போட்டதும் குட்டியைத் துடைத்துத் தாயின் அருகில் வைத்துவிட்டு எல்லோரும் விலகிவிடுங்கள். ஒருவர் மட்டும் தொலைவிலிருந்து கவனிக்கட்டும். சில மணி நேரத்துக்குள் தாய் பாலூட்டவில்லை என்றால், சீம்பாலைப் புட்டியில் கொடுத்தாக வேண்டும்.