டர்பன் வீட்டுத் தோட்டத்தில் வெயிலையும் காற்றின் சூட்டையும் அளப்பது எப்படி?

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தைப் பார்த்து, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெப்பமானிப் பெட்டி (வெப்பமானியில் வெயில் படாமல் காக்கும் பெட்டி) வைத்தால் கதவு வடக்கே பார்த்து நிற்கும். இங்கே அது தலைகீழ். டர்பன் இருப்பது தெற்கு 29.9 டிகிரியில். சூரியனோ தெற்கே 23.4 டிகிரிக்கு மேல் வருவதில்லை. ஆகவே ஆண்டு முழுவதும் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கில்தான். கதவுள்ள பெட்டியானால் கதவைத் தெற்கே பார்த்து வையுங்கள். இல்லாவிட்டால் திறந்து பார்க்கும் அந்த அரை நிமிடத்தில் வெயில் நேரே வெப்பமானியில் அடிக்கும். அப்போது நீங்கள் குறிப்பது காற்றின் சூடு அல்ல, வெயிலில் காய்ந்த குழாயின் சூடு.

அளக்க வேண்டியவை இரண்டு: தரையில் எவ்வளவு வெயில் விழுகிறது, காற்று எவ்வளவு சூடாகிறது. இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. ஏன் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த வேலை.

முதலில் வெயில். 100 செ.மீ. நீளக் குச்சியைச் சமதளத்தில், தூக்குநூல் பிடித்து, நேர்செங்குத்தாக நடுங்கள். உச்சியில் ஒரு நூலைக் கட்டுங்கள். உச்சிவேளை என்றால் கடிகாரத்தின் 12 மணி அல்ல. டர்பனில் அது நவம்பர் தொடக்கத்தில் 11.40க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.10 ஆகும். கால் மணிக்கொரு முறை நிழல் நுனியைக் குறித்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். நூலை நிழல் நுனிவரை இழுத்துப் பிடித்து அளங்கள்.

ஜூன் 21இல் நிழல் 134 செ.மீ., நூல் 167 செ.மீ. வரும். இந்த ஒரே அளவில் இரண்டு விடை இருக்கிறது. 100ஐ 167ஆல் வகுத்தால் 0.60: ஒரு கற்றை வெயில் அதிகத் தரையில் பரவுவதால், சாயாமல் நேரே விழும் வெயிலில் 60 சதவீதம்தான் சமதரைக்குக் கிடைக்கிறது. திருப்பி வகுத்தால் 1.67: சூரியன் தலைக்குமேல் நிற்கும்போது கடப்பதைப் போல 1.67 மடங்கு காற்றைக் கடந்துதான் கதிர் வருகிறது, வழியில் இன்னும் தேய்கிறது. டிசம்பர் 21இல் நிழல் 11 செ.மீ., நூல் 101 செ.மீ.க்குள். அன்று பகல் 14 மணி நேரம், ஜூனில் 10 மணிக்குச் சற்று மேல். பருவங்களைச் செய்வது இந்தச் சாய்வும் பகல் நீளமும்தான். சூரியனின் தூரம் அல்ல. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. ஜூலையைவிட சுமார் 7 சதவீதம் கூடுதல் கதிர் வருகிறது. ஆனால் அப்போது சென்னையில் மார்கழிக் குளிர்.

அடுத்தது காற்று. 15 முதல் 20 செ.மீ. அகல வெள்ளைப் பிளாஸ்டிக் பூந்தொட்டித் தட்டுகள் எட்டு வாங்குங்கள். மேல் தட்டைத் தவிர மற்றவற்றில் நடுவே 8 செ.மீ. துளை வெட்டி, தட்டுகளைக் கவிழ்த்து, மூன்று மரையாணிக் கம்பிகளில் கோத்து, இடையிடையே 2 செ.மீ. குழாய்த் துண்டு வையுங்கள். இந்தக் கூட்டுக்குக் கதவு தேவையில்லை. வெப்பமானி நடுவில் தொங்கட்டும். புல்தரைக்குமேல் ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், சுவர்களுக்கு எட்டத் தள்ளி நிறுத்துங்கள். அலுமினியத் தாள் சுற்ற வேண்டாம். அது வெயிலை நன்றாகத் திருப்பினாலும், வாங்கிய சூட்டை எளிதில் வெளியே விடாது. வெள்ளை இரண்டையும் செய்யும். தொங்கவிடும் முன், நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த குவளையில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். 0 காட்டாவிட்டால் வித்தியாசத்தைக் குறித்து ஒவ்வொரு அளவிலும் கழியுங்கள். காற்றே அசையாத பகலில் இந்தக் கூடு ஒரு டிகிரியோ சற்று மேலோ கூட்டிக் காட்டும்.

தெளிந்த நாளில் காலை 6 முதல் மாலை 6 வரை மணிக்கொரு முறை குறியுங்கள். கூடவே, தொடாமலே ஒரு பரப்பின் சூட்டைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானியால் தார், புல், மணல் மூன்றையும் அளங்கள். பளபளக்கும் தகரக் கூரையை அப்படியே அளக்காதீர்கள். அது வானத்தின் சூட்டைத் திருப்பிக் காட்டிவிடும். கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் அளங்கள். தைப்பூசக் காவடிக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு விடை முன்பே தெரியும்: காற்று 30 டிகிரியைத் தொடாதபோதே தார் 50ஐத் தாண்டிவிடும். வெயிலின் பெரும்பகுதி காற்றை ஊடுருவிப் போய்விடுகிறது. தரைதான் அதை வாங்கி, காற்றைக் கீழிருந்து சூடாக்குகிறது. அதனால் உள்நாட்டில் உச்ச வெப்பம் 2, 3 மணிக்குத்தான் வரும். கடலோரத்தில் முற்பகலிலேயே கடல்காற்று எழுந்துவிட்டால், ஏற்றம் நண்பகலை ஒட்டியே நின்றுவிடும்.

இரவில் அதே அகச்சிவப்பு வெப்பமானியைத் தெளிந்த வானத்தை நோக்கிப் பிடியுங்கள். உறைநிலைக்குக் கீழே காட்டலாம். தாழ்ந்த மேகம் வந்ததும் எண் சட்டென்று ஏறும். மேகமும் நீராவியும் கரியமில வாயுவும் தரைக்குத் திருப்பி அனுப்பும் கதிர் அது. அது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் இன்றுள்ள 15 டிகிரிக்குப் பதில் மைனஸ் 18 ஆக இருக்கும்.

ஆண்டுக் கணக்கிலும் இதே தாமதம் உண்டு. சூரியன் டிசம்பர் 21இல் உயரம். டர்பனில் சூடு உச்சம் ஜனவரி, பிப்ரவரியில். சூரியன் தாழ்வது ஜூன் 21. குளிர் முற்றுவது ஜூலையில். மாரியம்மனுக்கு ஆடிக்கூழ் ஊற்றும் மாதம் இங்கே குளிர்காலம். கடல் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவதே காரணம். அதே கடல் இன்னொன்றும் செய்கிறது: டர்பனும் மேற்குக் கரையின் போர்ட் நொலோத்தும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. நூல் இரண்டிடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் காட்டும். ஆனால் அகுல்ஹாஸ் வெந்நீரோட்டம் தொடும் டர்பனின் ஆண்டுச் சராசரி சுமார் 21 டிகிரி, பெங்குவேலா குளிர்நீரோட்டம் தொடும் போர்ட் நொலோத்தில் சுமார் 14.

குளிர்காலக் கணக்கைக் குலைப்பது பெர்க் காற்று. உள்நாட்டு மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் காற்று அழுத்தப்பட்டு, கிலோமீட்டருக்கு சுமார் 10 டிகிரி சூடேறுகிறது. நூல் 150ஐத் தாண்டி நிற்கும் ஜூலை நாளில் வெப்பமானி 30ஐத் தொட்டு, காற்று வறண்டு வடமேற்கிலிருந்து வீசினால் அது உங்கள் தோட்டத்து வெயிலின் வேலை அல்ல. அந்த நாளைத் தனிப் பத்தியில் எழுதி, மாதச் சராசரியை அதைச் சேர்த்தும் விட்டும் இருமுறை போடுங்கள். குறிப்பதை மாலைவரை நிறுத்த வேண்டாம். காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும் சூடு மளமளவென்று சரியும்.