லுட்டீசியம் சிகிச்சைக்கு முன் பெட் ஸ்கேனை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்காக பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து மதுரை வரை சென்று பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் (ஊசிவழி செலுத்திய கதிரியக்க மருந்து உடலில் சேரும் இடங்களை ஒளிர்வாகக் காட்டும் படம்) எடுத்துத் திரும்புவோரின் குடும்பத்தார், பல இடங்கள் பளிச்சென்று ஒளிர்வதாக அறிக்கையில் கண்டதுமே நோய் கைமீறிவிட்டதாகக் கலங்கிவிடுகிறார்கள். நோய் பரவியிருப்பது உண்மைதான். ஆனால் கட்டிகளைக் கதிர்வீச்சால் தாக்கும் மருந்தான லுட்டீசியம்-177 கொண்டு செய்யும் சிகிச்சை பலிக்குமா என்ற கேள்விக்கு அந்த ஒளிர்வு சாதகமான பதில். புற்றணுக்களின் மேல் மிகுந்திருக்கும் பிஎஸ்எம்ஏ புரதத்தையே ஸ்கேன் மருந்தும் சிகிச்சை மருந்தும் தேடிச் சென்று ஒட்டுவதால், படத்தில் ஒளிரும் கட்டியைக் கதிர்மருந்தும் சென்றடையும்.

இதைக் கேட்டதும் ஒளிர்ந்தால் குணமாகிவிடும் என்று நம்பிவிடுவது அடுத்த தவறு. என் கணிப்பில் முன்னதைவிடப் பெரிய தவறும் இதுவே. 2021இல் வெளியான ‘விஷன்’ ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு லுட்டீசியமும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் கடந்து வாழும் காலம்), அது பெறாதவர்களின் 11.3 மாதங்களிலிருந்து 15.3 மாதங்களாக உயர்ந்தது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் ‘தெராபி’ ஆய்வில், உடலிலுள்ள கட்டிகள் மருந்தை ஈர்க்கும் சராசரி அளவு (ஸ்கேனில் அளக்கும் ‘எஸ்யூவி’ எண்) 10 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கே பலன் கூடுதலாகக் கிடைத்தது. ஓரிடம் மட்டும் சுடர்விட்டு மற்றவை மங்கியிருந்தால் இந்தச் சராசரி இறங்கிவிடும். நோய் இருந்தும் ஒளிராத கட்டியை இந்த மருந்து ஏறக்குறைய தீண்டாமலே விட்டுவிடும். குளுக்கோஸை ஈர்க்கும் கட்டிகளைக் காட்டும் எஃப்டிஜி ஸ்கேனையும் மருத்துவர் கேட்பது இத்தகைய கட்டிகளைக் கண்டறியத்தான். இன்னொரு ஸ்கேன் வீண்செலவு என்று காரணம் கேளாமலே மறுத்துவிடக் கூடாது.

ஒளிர்வதெல்லாம் புற்றும் அல்ல. உமிழ்நீர்ச் சுரப்பிகள், கண்ணீர்ச் சுரப்பிகள், சிறுநீரகங்கள், சிறுகுடலின் முற்பகுதி ஆகியவை எல்லோருக்கும் ஒளிரும். சிகிச்சைக்குப் பின் வாய் உலர்வதும் இதனால்தான். எலும்பு முறிந்து கூடிய இடமும் ஒளிரக்கூடும் என்பதால், விசைப்படகில் வழுக்கி விழுந்து விலா எலும்பில் அடிபட்டிருந்தால், அது பழைய கதையானாலும் ஸ்கேன் எடுக்குமுன் சொல்லிவிட வேண்டும்.

பல மாதங்களுக்கு முந்தைய ஸ்கேனை வைத்து முடிவெடுக்கச் சொல்வதும் சரியல்ல. இடையில் ஹார்மோன் மருந்து மாறியிருந்தால் கட்டிகளின் ஈர்ப்பும் மாறியிருக்கலாம். அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோனால் ஈர்ப்பளவை மருத்துவர் தாமே அளந்து பார்க்க இயலாது. படங்கள் அடங்கிய குறுந்தகடும் வேண்டும். காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருள் கொண்டு எடுக்கும் ஸ்கேனுக்குத் தாமதமாகப் போகவே கூடாது: அதன் கதிரியக்கம் 68 நிமிடங்களில் பாதியாகிவிடும். விடியற்காலைப் பேருந்தை நம்பாமல் முதல் நாளே மதுரைக்குப் போய்த் தங்குவது உத்தமம்.